பக்கம் மாற்றுகிறவள்

வைகானி அலுவலகத்தில் என் வேலை சின்னது.
கோப்பின் இரும்பு வளையத்தைத் திறப்பேன்,
செத்த பக்கத்தை உருவி
உயிருள்ள பக்கத்தைச் செருகி
வளையத்தை மூடுவேன். க்ளிக்.
அந்தச் சத்தம் வரும்வரை அது வெறும் காகிதம்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்திரண்டு வயது.
வேலையில் சேர்ந்து மூன்றாம் வாரம்
மை வாசனையோடு ஒரு கட்டு வந்தது.
எழுபதில், ஆஸ்திரேலியர்கள் ஆண்டபோதே
நீக்கிய தண்டனை
திரும்பி வந்திருந்தது,
கோபித்துக்கொண்டு ஓடிப்போன மருமகன்
ஒன்றுமே நடக்காததுபோல்
பந்தியில் வந்து உட்கார்வதைப்போல.

நாற்பத்தேழு கோப்புகள்.
ஒரு பக்கம் கட்டைவிரலைக் கீறியது, சப்பிக்கொண்டேன்.
மதியத்துக்குள் பப்புவா நியூகினி
கொல்லலாம் என்றாகிவிட்டது.
நான் மீன் டப்பாவைத் திறந்து சோற்றில் கவிழ்த்தேன்.

கொல்லலாம். எப்படி என்றுதான் தெரியவில்லை.
கயிறா, ஊசியா, துப்பாக்கியா என்று
பார்த்துவர அதிகாரிகள் விமானம் ஏறினார்கள்
பல வருடம் கழித்து.
திரும்பியவர்களில் ஒருவர்
விமான நிலையத்தில் வாங்கிய சாக்லேட் பெட்டியை
எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.
நல்ல சாக்லேட். உள்ளே முந்திரி.

அதற்குள் என் தம்பி ரருவா
பொமானா சிறையில் இருந்தான்.
ஒரு படகு, மூன்று பேர், ஒரு பெட்டிப் பணம்.
அவன் செய்யவில்லை என்று அம்மா மட்டும் சொன்னாள்.
அவன்கூடச் சொல்லவில்லை.
தீர்ப்பில் சட்டப்பிரிவின் எண்ணைப் பார்த்தேன்.
மற்றவர்கள் நீதிபதியைப் பார்த்து அழுதார்கள்,
நான் கட்டைவிரலைப் பார்த்தேன்.

ஞாயிறு பேருந்தில் போவேன்.
சர்க்கரைவள்ளிக் கொடி வைத்திருக்கிறேன் என்பான்,
ஐந்து மாதத்தில் கிழங்கு பிடிக்கும் என்பான்.
ஐந்து மாதம் என்ற சொல்லை
இருவரும் சுற்றிப் போவோம்,
அப்போதுதான் துடைத்த தரையைச் சுற்றிப் போவதுபோல.

எதிர் மேசையில் டார்க்கஸ், ஹாகன் மலைக்காரி.
அவள் மகள் போன பேருந்தை
நெடுஞ்சாலையில் மரம் வெட்டிப்போட்டு மறித்தார்கள்.
அதற்குமேல் அவள் சொன்னதில்லை.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று
ஒரே பாக்கைப் பிளந்து ஆளுக்குப் பாதி,
அவள் சுண்ணாம்பு, என் கடுகுக் காய்.
ஒருநாள் சிவப்பாய்த் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"கோனியோ, உன் தம்பி இருக்கட்டும்.
என் பிள்ளையைக் கொன்றவன் போகட்டும்.
அப்படி ஒரு பக்கம் அச்சாகி வந்தால் சொல்,
நானே செருகுகிறேன்."
நான் தொட்டியின் குழாயை இறுக்கி மூடினேன்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மறுபடி ஒரு கட்டு.
நீக்கம்.
முப்பது வருடத்தில் யாரையும் தூக்கிலேற்றாமலே
மஞ்சளாகிப்போன பக்கம்.
எல்லாம் கணினிக்குள் போய்விட்டதில்
பத்தொன்பது கோப்புகள்தான் மிச்சம்.
முதல் வளையமே எனக்குத் திறக்கவில்லை.
துரு என்றேன்.
இத்தனை வருடம் திறந்த கை
வேறு யாருடையதோபோல ஆடியது.

டார்க்கஸ் எழுந்து வந்தாள்.
"தள்ளு" என்றாள்.
உருவினாள், செருகினாள், மூடினாள்.
பத்தொன்பது முறை, ஒருதரமும் என் முகத்தைப் பார்க்காமல்.
கடைசிக் கோப்பில் உருவியதை மட்டும்
கட்டோடு சேர்க்கவில்லை.
துளைகள் கிழியாமல் நாலாக மடித்து,
தன் பில்லும் பைக்குள்,
மகளின் பள்ளி அட்டை இருக்கும் பக்கமாய்
வைத்துக்கொண்டாள்.

எரிக்கக் கொடுத்த கட்டில்
பதினெட்டுத் தாள்கள்.
பதிவேட்டில் பத்தொன்பது என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு வெளியே போனோம்,
அவளிடம் ஒரு பாக்கு இருந்தது.