ஆறு பத்து இராகலை பஸ்

கோல்ப் ஆட வந்தவர்கள் ஏறிச் சலித்த வண்டி.
பின்சீட்டைக் கழற்றிக் கம்பிக்கூடை பொருத்தி
லோன்றிக்கென்று தந்துவிட்டார்கள்.
எனக்கும்
நாற்பது அறைகளின் ஈர விரிப்புகளுக்கும்.

மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
அதுவும் சமதரையில்.
நுவரெலியாவில் சமதரை எங்கே இருக்கிறது?
மேட்டில் ஏறும்போது
பூச்செடிக்காரன் வாளியோடு நடந்தே முந்துவான்,
முந்திவிட்டுத் திரும்பி நின்று
பீடி பற்றவைப்பான்.

ஆறு பத்துக்கு இராகலை பஸ்.
விட்டால் கந்தப்பளை வரை ஓட்டோ, ஆயிரத்து எண்ணூறு.
போன மாதம் ஒன்பது தடவை விட்டேன்.
பெருக்கிப் பார்த்தேன்.
அந்தத் தாளைச் சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

கரண்ட் வேலை பார்க்கும் பெனடிக்ட்
இருக்கையைத் தூக்கிக் காட்டினான்.
ஆறு பற்றரி, முனையெல்லாம் பச்சை பூத்து.
"ஆறாறு முப்பத்தாறு வோல்ட்டு.
இன்னும் ரெண்டு வச்சா நாப்பத்தெட்டு.
ஆனா மூளைய மாத்தணும் அக்கா,
பழைய மூளை தாங்காது."

மூளை என்றது
ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
சீட்டு எடுத்த காசில் முப்பதாயிரம் கொடுத்தேன்.
கொழும்பிலிருந்து கண்டக்டர் கையில்
பிஸ்கட் டின்னுக்குள் வந்தது.

போயா அன்று பார் பூட்டு, ஆட்களும் குறைவு.
கொதிகலன் அறைக்குப் பின்னால்
டோர்ச்சை நான் பிடித்தேன்.
சோலார் அறையில் ஒதுக்கிப்போட்ட இரண்டு பற்றரியை
அவன் தூக்கிவந்தான்.
பழசோடு பழசுதான், கேட்க ஆளில்லை.
பிரேக்கையும் பார் என்றேன்.
ஏற்கெனவே இறுக்கிவிட்டதாகச் சொன்னான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

முப்பத்திரண்டு!
மஞ்சு முகத்தில் அறைந்தது.
கூடையிலிருந்து ஒரு துவாய் பறந்து
சைப்ரஸ் கிளையில் தொங்கியது.
பூச்செடிக்காரன் வாளியைக் கீழே வைத்தான்.

ஒரு வாரம் எனக்கு ஜன்னல் சீட்.
ஆறு ஐந்துக்கே போய்
கடலை வாங்கவும் நேரமிருந்தது.

இரண்டாம் வாரம்
விஜேகோன் மேடம் மணிக்கூட்டோடு நின்றார்.
ஐந்து நடைக்கு ஆகும் நேரத்தில் எட்டு நடை.
நல்லது, மிக நல்லது என்றார்.
மறுநாள்
ஏரிக்கரை ஹோட்டலின் விரிப்புகளும் வந்திறங்கின,
யாருடையதோ லிப்ஸ்டிக் கறையோடு.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
பதினாறு கிலோ பதினெட்டானதையும்
பதினெட்டு இருபதானதையும்
தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே.
கை வேகமான ஒருத்தி நிறுத்த கொழுந்து
அடுத்த மாதம் எல்லார் முதுகிலும் ஏறும்.
லயத்தை விட்டு வந்தேன்,
இந்தக் கணக்கு மட்டும்
சொந்தச் செலவில் என்னோடு வந்திருக்கிறது.

முப்பத்திரண்டு வேகத்தில் ஓட்டி
ஆறு பத்து பஸ்ஸை விட்டேன்.
ஓட்டோக்காரன் சிரித்தான்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

"ஒரு சுவிட்ச் வை பெனடிக்ட்.
என் கைக்கு மட்டும் தெரியுற மாதிரி."
பன்னிரண்டாம் அறையில் கழற்றிய
கட்டில் விளக்குச் சுவிட்ச்.
இருக்கைக்கு அடியில், இடது தொடைக்கு நேரே.

இப்போது பகலெல்லாம் பதினெட்டு.
"வண்டிக்கு வயசாயிருச்சு மேடம்,
மேட்டுல மூச்சு வாங்குது."
மேடம் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார்.
குனிந்து சக்கரத்தைக்கூடப் பார்த்தார் ஒருநாள்,
பாவம்.
ஏரிக்கரை விரிப்புகள் வேறெங்கோ போகின்றன.

ஐந்து ஐம்பத்திரண்டு.
கடைசி நடை, வெறும் கூடை.
இடது கை கீழே போகிறது.
டிக்.
பூச்செடிக்காரன் ஓரமாக ஒதுங்குகிறான்,
அவனுக்கு மட்டும் தெரியும்.
பின்கேட்டில் வண்டியைத் திருப்புகிறேன்,
சாவியை இன்னும் எடுக்கவில்லை,
அங்கே கண்டக்டர்
பஸ்ஸின் விலாவைத் தட்டத் தொடங்கிவிட்டான்.