தண்ணீரை இறக்கிவிட்டு

வியாழக்கிழமை காலை பத்துக்குள் சேர வேண்டும்.
மருத்துவமனைப் பட்டியலில் பதினேழு பொருட்கள்.
முன்பக்கம் திறக்கும் இரவுடை இரண்டு,
குதிகால் மூடிய செருப்பு.
அதற்கு மட்டும் அடிக்கோடு,
யாரோ வழுக்கி விழுந்திருக்க வேண்டும்.
எல்லாவற்றிலும் பெயர் எழுதச் சொல்கிறார்கள்.
ஐம்பத்தெட்டு வயதில்
பல் துலக்கும் கோப்பையில் ஃபுமிஎ என்று எழுதி
மை காய ஊதினேன்.

ஊதக்கூடாதாம், இழுக்க வேண்டுமாம்.
மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு.
மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்ப வேண்டும்.
இரண்டு எழுந்துவிடுகின்றன.
மூன்றாவது,
திங்கட்கிழமைகளில் நான் கிடப்பதைப் போல் கிடக்கிறது.

பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள்.
வயிற்றுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றேன்.
மயக்கத்தில் குழாய் போகிற வழியாம் அது.
அந்தப் பெண் என் சிகரெட் கறையைச் சுரண்டச் சுரண்ட
விருந்தாளிக்கு முன்
வாசல் பெருக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கார் ஓட்டக்கூடாது.
இருந்தும் பனிக்கால டயர் மாற்றினேன்.
பள்ளிச் சமையற்கூடத்தில் முந்நூற்று நாற்பது பேருக்கு
சூப் அளக்கும் கரண்டியை ஹதகெயாமாவிடம் கொடுத்தேன்.
வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்,
சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.
நூறு யென் கடையில்
முயல் படம் போட்ட குழந்தைக் கிண்ணம் வாங்கினேன்.
இனி அரை வயிறுதான் எனக்கு முழு வயிறு.

எல்லாம் முடிந்தது, அந்த ஒரு படிவத்தைத் தவிர.
உத்தரவாதம் தருபவர்:
வேறு வீட்டில் வசிப்பவர், சொந்த வருமானம் உள்ளவர்.
அண்ணன் இல்லை. விட்டுப் போனவன் எங்கிருக்கிறான் தெரியாது.
மூன்று நாள் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.
நான்காம் நாள் ஷிபுக்காவா வீட்டு மணியை அடித்தேன்.

ஒன்பது குளிர்காலமாகச் சண்டை.
அவர் வாரும் பனி என் பக்கம் சரியும்.
எல்லையில் சிவப்புக் கம்பு நட்டது நான்.
கம்பைப் பிடுங்கியது அவர்.
நகராட்சிக்கு எழுதியது நான்.
வயிற்றெரிச்சல் என்று தெருவில் சொன்னது அவர்.

படிவத்தை மூக்கருகே வைத்துப் படித்தார்.
எந்த இடம் என்று கேட்டார்.
தொட்டுக் காட்டினேன்.
உள்ளே போய்
வெகுநேரம் இழுப்பறைகளைத் திறந்து மூடினார்.
முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது, சிவப்பாக.

ஐந்தாம் மாடியில் கிழக்குப் பக்கம் கேள் என்றார்.
கடல் தெரியும்.
என் மனைவிக்கு அது தெரியாமல்
மேற்கில் படுத்துக் கிடந்தாள்.

வாசல் வரை வந்தவர்
பனியை எங்கே கொட்டுவது என்றார்.
இந்த வருடம் என் பக்கமே கொட்டுங்கள்,
ஏப்ரலில் வந்து சண்டை போடுகிறேன் என்றேன்.
கம்புகள் கொட்டகையில் இருக்கின்றன,
ஏழுதான், ஒன்று உடைந்துவிட்டது என்றார்.

வியாழன், ஆறு மணி, இன்னும் இருட்டு.
ஒட்டாருவில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள்
தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.
இல்லையென்றால் குழாய் உறைந்து வெடிக்கும்.
நிலத்துக்குள் இருக்கும் வால்வைத் திருகினேன்.
சமையலறை, கழிவறை, குளியலறை,
எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டேன்.
நீர் கீழே இறங்கும் சத்தம்.
கடைசியில் குளியலறை
மரியாதையில்லாமல் ஒரு ஏப்பம் விட்டது.

ஒரு தாளில் எழுதி
ஃபிரிட்ஜில் ஒட்டினேன்:
முதலில் குழாய்களை மூடவும்.
பிறகு வால்வைத் திறக்கவும்.
முதல் தண்ணீர் கலங்கலாக வரும், பயப்பட வேண்டாம்.

யாருக்கு என்று எழுதவில்லை.
சாவியை ஷிபுக்காவாவின் தபால் பெட்டியில் போட்டேன்.
பேருந்து வர இன்னும் நாலு நிமிடம்.
நின்றபடியே
மூன்றாவது பந்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.