ராசமுத்து

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம்
மீட்டர் பார்த்தவர் என் வீட்டுக்காரர்.
ஓய்வு பெற்ற மறுமாசம்
டென்மார்க் ராஜவம்சத்தில் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் ஒரு பெயரால் வந்த வினை.
மாமனார் பெயர் ராசமுத்து,
அவருடைய தாத்தாவும் ராசமுத்து.
"அது ராசமுத்து இல்லட்டி, ராஸ்முசன்" என்றார்
புளிக்குழம்பில் கை அப்படியே நிற்க.
தரங்கம்பாடியில் கப்பல் இறங்கிய
எவனோ ஒரு ராஸ்முசன்
தெற்கே நடந்து நடந்து
வெயிலில் பெயர் உருகி
பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள்
ராசமுத்து ஆகிவிட்டானாம்.

நான் சிரிக்கவில்லை.
அப்பளத்தை உடைத்தேன்.

அதன்பிறகு சாப்பாட்டு மேசையில்
சாப்பாட்டுக்கு இடமில்லை.
சார்ட் பேப்பரை ஒட்டி ஒட்டி
முப்பத்தோரு தலைமுறை.
அடியில் எங்கள் பையன்,
கோயம்புத்தூரில் பம்புசெட் விற்கிறவன்.
மேலே போகப் போக
மாவுமில்காரன், பாதிரி,
கடனில் பண்ணையைத் தோற்றவன்,
குதிரை மட்டும் மிஞ்சிய ஒரு பிரபு,
ஃபேன் காற்றில் படபடக்கும் மூலையில்
சிவப்புப் பேனாவில் கிரீடம் போட்ட ராஜா.
அவன் பெயர் என் வாயில் நுழையாது.
இருமினால் பாதி வரும்.

டென்மார்க்கிலிருந்து ராஸ்முசன் வீட்டுப் பெண்
பிர்கிட்டே கடிதம் எழுதுவாள்.
ராஜாவின் கல்லறைச் சிலையைப் படமெடுத்து அனுப்பினாள்.
இடக்கைச் சுண்டுவிரல் உள்ளே வளைந்திருந்தது.
இவர் தன் சுண்டுவிரலை நீட்டினார்: வளைவு.
கண்கலங்கிவிட்டார் மனுஷன்.
என் விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.
அதுவும் வளைவுதான்.
மேலப்பாளையத்திலிருந்து முட்டை கொண்டுவரும்
மைதீன்பாத்துக்கும் அப்படித்தான்.

பையன் போனில் கணக்குச் சொன்னான்:
"முப்பது தலைமுறை மேல போனா
ஒருத்தனுக்கு நூறு கோடி முன்னோர்.
அவ்வளவு சனம் அப்ப
உலகத்துலயே கிடையாதும்மா."
அன்றைக்கு வண்ணார்பேட்டையில்
நாசரேத் பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தை
ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று பார்த்தேன்.
ராஜகுமாரர்களில் ஒருத்தன்
ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து
சீட் பிடித்தான்.

கத்திரி வெயிலில் பிர்கிட்டே நேரிலேயே வந்தாள்,
தக்காளியாய்ச் சிவந்த முகம், ஆண்பிள்ளைச் செருப்பு.
பழைய கல்லறைத் தோட்டத்தில்
அவளுக்கென்றே இவர் பொத்தி வைத்திருந்த கல்.
மூன்றெழுத்து தெரியும், மிச்சமெல்லாம் பாசி.
பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார்,
பாட்டில் தண்ணீரை ஊற்றினார்.
ராஸ்முசன் இல்லை.
ரோஸ்.
ஒரு சார்ஜென்டின் மகள்.
வயது பதினொரு மாசம்.

இவர் குடையை மடக்கினார், விரித்தார்,
மறுபடியும் மடக்கினார்.
பிர்கிட்டே கல்லின் ஈரத்தை
தன் கைக்குட்டையால் ஒற்றினாள்,
பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து ரப்பர் கேட்டாள்.
ராஸ்முசனுக்கும் ராசமுத்துக்கும் நடுவே
இவர் அழுத்திப் போட்டிருந்த கோட்டை அழித்து
பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தாள்.
நிச்சயமில்லாததை
அவர்கள் அப்படித்தான் போடுவார்களாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.
உன் அம்மா?
மெர்சி பாக்கியம்.
அவளுடைய அம்மா?
ஞானவடிவு.
அவளுக்கு அம்மா?
சுரண்டைப் பக்கம். பிரசவத்தில் போனவள்.
பெயர் என்று ஒன்று இருந்திருக்கும்.
யாரும் என்னிடம் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

ஒரு கட்டம் போட்டு உள்ளே கேள்விக்குறி எழுதினாள்.
எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.
அவள் எழுந்து, படபடக்கிற அந்த மூலையைப் பிடித்திழுத்து
ராஜாவுக்கும் மேலே விரலை வைத்தாள்.
அங்கேயும் ஒரு கட்டம்.
அங்கேயும் கேள்விக்குறி.
அவனைப் பெற்றவள்.

அன்று ராத்திரி கரண்ட் போயிற்று.
ராஜவம்சத்தார் வழக்கம்போல் தெருவில் இறங்கி
அடுத்த பேஸில் வெளிச்சம் இருக்கிறதா என்று
பார்த்துவிட்டு வரப் போனார்.
நான் மேசையைத் தடவினேன்.
பென்சில் அழுத்திய புள்ளிகள்
வளைந்த விரலில் தட்டுப்பட்டன.
பன்னிரண்டோ, பதிமூன்றோ.