முதலில் கழற்றுபவள்

டர்பன், பிளஃப் குன்று. காலை ஏழு.
கரித்தூள் அடைத்த உடுப்புக்குள் என் வேர்வை
முழங்கால் தாண்டி பூட்ஸில் தேங்குகிறது.
வடிகட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்தி
மூச்சை இழுக்கச் சொல்கிறார் சார்ஜென்ட் மொஃபொகெங்.
முகமூடி கன்னத்தைக் கவ்வ வேண்டும்.
கவ்வாவிட்டால் செத்தாய் என்று அர்த்தம்.

அவர் வாயில் நான் ‘பாடியாச்சி’.
படையாட்சி, சார்ஜென்ட். பெயரிலேயே படை இருக்கிறது.
இரண்டு வாரம் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

முழங்கையில் ஒட்டிய தாளில்
மஞ்சள் விழுந்தால் நரம்பு, சிவப்பு விழுந்தால் கொப்புளம்,
கரும்பச்சை விழுந்தால் கேள்வி கேட்காதே.
பிரேக் ஆயில் பட்டாலும் தாள் பொய் சொல்லும்;
நேற்று ஒரு லாரி டிரைவரை
வீணாக மூன்று முறை குளிப்பாட்டினோம்.
தோலில் பட்ட விஷத்தை ஒற்றி எடுக்க
ஒரு பொடி தருகிறார்கள். முல்தானி மண்.
சித்தி தன் கல்யாணத்துக்கு முந்தின நாள்
முகத்தில் அப்பிக்கொண்டு
சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அதே மண்.

கருவி ஓய்ந்த பின்னும் நம்பாதே என்கிறது கையேடு.
ஒருவரைத் தேர்ந்தெடு. நிழலில் நிறுத்து.
ஐந்து நிமிடம் வெறும் முகத்தோடு மூச்சு விடட்டும்.
மற்றவர்கள் கண்மணியைப் பார்க்கட்டும்,
கடுகாய்ச் சுருங்கினால் ஊசி.
(கண்மணி எங்கள் வீட்டில் செல்லப் பேர்.
இங்கே அது ஓர் அளவு.)

இன்று அந்த ஒருவர் நான்.

பட்டைகளைத் தளர்த்தினேன்.
எட்டுப் பேர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
என் கண்ணுக்குள் குனிந்தார்கள்.
இத்தனை அக்கறையாய்
என்னை யாரும் பெண் பார்க்க வந்ததில்லை.

காற்று திரும்பியது. தெற்கிலிருந்து.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அதற்குத் தென்றல் என்று எழுதி
பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எழுதினோம்.

அழுகிய முட்டை. தீய்ந்த ரப்பர். ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு.
மியர்பேங்க். எங்கள் தெரு.
ஆலைப் புகைபோக்கி இங்கிருந்து தீக்குச்சி அளவு.
அம்மா இந்நேரம் துணி காயப் போட்டிருப்பாள்.
தம்பி இன்ஹேலரைக் காதருகே குலுக்கி
இன்னும் எத்தனை தடவை வரும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியிருப்பான்.

“என்ன வாசனை?”
“வழக்கமானதுதான், சார்ஜென்ட்.”

முகவாயை நிமிர்த்தி இரண்டு கண்ணையும் பார்த்தார்.
சுருங்கவில்லை.
‘சுத்தம்’ என்று எழுதி, நேரம் குறித்து,
கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்.

எல்லோரும் கழற்றினார்கள்.
லிம்போபோக்காரன் ரமஷியா மட்டும்
ஒரே ஒரு மூச்சு இழுத்து
அவசரமாய் மறுபடி மாட்டிக்கொண்டான்.
பேனா இன்னும் என் கையுறைக்குள்
வழுக்கிக்கொண்டிருந்தது.