நாய்த் தொல்லை

நஜஃப்கர் வாய்க்காலைத் தாண்டினால்
தில்லி என்று சொல்லவே கூசும் தோலாவாஸ்.
நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு மீட்டர்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவேன்.
'மதராஸி வந்துட்டான், ஃபேனை நிறுத்துடா'
என்று கத்துவாள் தரம்வதி,
கத்திக்கொண்டே மோர் நீட்டுவாள்.

இந்த முறை தடுப்பருகே ஒரு காவலர்
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தரம்வதி வீட்டு ஜன்னல் இடுக்கில்
மீட்டரின் சிவப்புப் புள்ளி மினுக்குகிறது.
எண் தெரியவில்லை.
பூட்டுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்.
தயிர் உறை ஊற்றி வைத்திருப்பாள்.

ரண்பீர் சகோதரர்கள் சீட்டாட உட்கார்ந்த கட்டிலை
யாரோ கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள்.
கயிற்றுக்குள் போனது
கழுவினால் போகாது.

ஏழு பேர். பதினோரு நிமிடம்.
ஒன்றரை முழ வரப்புக்காக என்கிறார்கள்.
இல்லை, அதற்கும் முன்னால் ஏதோ பேச்சு என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது யூனிட் கணக்கு.

சுட்டவன் சுமேர்.
போன முறை என் வண்டி பஞ்சரானபோது
என்னை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு
முட்டிபோட்டுக் காற்றடித்தவன்.
இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொன்னேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

அவன் மனைவி கதவை விரற்கடை திறந்து
'இனி பில் யார் பேருக்கு வரும்?' என்றாள்.

கட்டத்தை நிரப்பாமல் கைக்கருவி நகராது:
வீடு பூட்டு, மீட்டர் பழுது, நாய்த் தொல்லை.
பூட்டு என்றால் மறுபடி போகச் சொல்வார்கள்.
ஐந்து வீட்டுக்கும் நாய்த் தொல்லை என்று அழுத்தினேன்.

ஊரில் ஒரு நாயும் குரைக்கவில்லை.