இரண்டாயிரம் பற்கள்

போஸ்டரில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்:
அவனுக்கு யாரும் இல்லை.
நாற்பது வால்களும் இரண்டாயிரம் பற்களும் இருந்தன.
கணக்கு சரிதான். ஒப்பாசத்துக்கு வாயில் ஐம்பது பல்.
ஏமோஸ் ட்ரிப்லெட் எண்ணிக் காட்டினார்,
அதன் வாய்க்குள் விரலை விட்டு,
தன் வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலே.

எழுபத்திரண்டு, அக்டோபர், ஆர்கன்சாஸ்.
மூடிப்போன கோழித் தொழிற்சாலையை
வாரம் அறுபது டாலருக்குப் பிடித்திருந்தார் வான் பெல்ட்.
கதை எளிது.
கோழிக் கழுத்தறுக்கும் ஒருவன்.
மேஸ்திரி தினமும் ஏசுகிறான்.
இவன் இரவுகளில் நிலவறையில் உட்கார்ந்து
ஒப்பாசங்களுக்குப் பேர் வைக்கிறான்.
அப்புறம் வீடு வீடாக அவற்றை ஏவுகிறான்.
கடைசியில் அவை அவனையே தின்கின்றன.
தின்னாவிட்டால் அந்தக் காலத்தில் படம் ஓடாது.

எனக்குப் பத்தொன்பது. கிளாப் பலகை என் கையில்.

முதல் நாள், முதல் ஷாட்.
டப்பென்று அடித்தேன்.
நாற்பதும் செத்து விழுந்தன.
நாக்கு தொங்க, எச்சில் ஒழுக, விரல்கள் மடங்க.
பிண நாற்றம்கூட வந்தது.
வான் பெல்ட் தொப்பியைத் தரையில் அடித்தார்.
"நடிக்கலை சார்" என்றார் ஏமோஸ்,
"பயந்தா உடம்பு தானா அணைஞ்சிரும். அதுங்க கையில இல்ல."

பலகையின் விளிம்பில் கம்பளித் துண்டு ஒட்டினேன்.
ஓசையில்லாமல் மூடப் பழகினேன்.
அப்போது விளக்கு போட்டால் விழுந்தன.
விளக்குக்குப் பழகியதும்
மேஸ்திரியாக நடித்தவர் அலறினார், அதற்கு விழுந்தன.
கொலைகாரர்களை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு
வெளியே வெயிலில் வைப்போம்,
உயிர் வரட்டும் என்று.

நாயகன் டெல்மர் ஹஸ்கின்ஸ்.
ரோமம் பட்டால் தும்முவார்.
மதியச் சாப்பாட்டை வேனுக்குள் தின்றுவிட்டு
டப்பாவை அங்கேயே கழுவி வைப்பார்.
ஐந்து வாரத்தில் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்:
"மழை வரும்போல."
வந்தது.

கடைசிக் காட்சி.
அவர் கழுத்தில் மத்தி மீன் எண்ணெய், காலரில் பன்றிக் கொழுப்பு.
பதினோரு டேக், பதினோரு பிணக்குவியல்.
பன்னிரண்டாவதில் 'கட்' சொல்லக்கூட மனமில்லாமல்
வான் பெல்ட் புகைக்கப் போய்விட்டார்.
டெல்மர் எழவில்லை.
கை விரித்து, கண் மூடி, அவரும் கிடந்தார்.
கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

முதலில் ஒரு காது அசைந்தது.
அப்புறம் ஒரு மூக்கு.
எழுந்து, தள்ளாடி, ஒவ்வொன்றாக வந்தன.
எண்ணெயை நக்கின. காலரைச் சப்பின.
ஒரு குட்டி கோட்டுக்குள் நுழைந்து
இரண்டு சுற்றுச் சுற்றி
சுருண்டுகொண்டது.
அவர் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார், கண்ணோரம் நீர் வழிய.
ஃபிலிம் தீரும்வரை.

பற்கள் கடிக்கும் சத்தம் நான்.
உலர்ந்த சோளத்தட்டைகளைக் காலுறைக்குள் திணித்து முறித்தேன்.
அலறல் மெம்பிஸில் வேறு யாரோ.

ஹாலோவீனுக்கு டிரைவ்-இன்னில் போட்டார்கள்.
கார்கள் ஹாரன் அடித்தன.
பிக்கப்பின் பின்னால் ஒரு பையன்
கம்பளிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.
எண்பத்தோராவது நிமிடம், திரையின் இடது மூலை:
கதைப்படி செத்து மூன்று நிமிடமான மனிதனின் கை
மெல்ல நகர்ந்து
கோட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் குட்டியின் கண்ணை
விளக்கிலிருந்து மறைக்கிறது.
எடிட்டர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் வெட்டியிருப்பார்.

டெல்மர் அப்புறம் எந்தப் படத்திலும் இல்லை.
திருப்பித் தந்த ரசீதில் ஏமோஸ் முப்பத்தொன்பது என்று எழுதினார்.
காணாமல்போன ஒன்றுக்கு மூன்று டாலர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கவுண்டி அலுவலகத்தில் சேர்ந்தேன்.
நாய் லைசென்ஸ், கல்யாண லைசென்ஸ், இரண்டும் ஒரே ஜன்னல்.
முத்திரையை ஓங்கிக் குத்த மாட்டேன்.
வைத்து, அழுத்தி, எடுப்பேன்.
வரிசையில் நிற்பவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.