ரசீது எண் 418

தேவகோட்டை ரஸ்தா வந்தால்
விசில் கொடுத்துவிட்டு
முதலில் இறங்குகிறவர் கண்டக்டர்தான்.
கருவை மரத்துக்குப் பின்னால் போய்வரும்வரை
பஸ் நிற்கும்.
காலேஜ் பிள்ளைகள் சிரித்து ஓய்ந்து
இப்போதெல்லாம் மணிகூடப் பார்ப்பதில்லை.

காலையில் போடும் மாத்திரை
சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறதாம்.
எங்கள் கழிவறைக்கு வரும் எறும்புகள்
யாரும் சொல்லாமலே
இதைத் தெரிந்து வைத்திருந்தன.

மதுரையில் ஸ்டென்ட் வைத்துப் பதினோரு மாதம்.
"சுகர் குறைஞ்சா மட்டும் போதாது,
நெஞ்சையும் பார்க்கணும்" என்று
காரைக்குடி டாக்டரம்மா
இன்னொன்றும் எழுதினார்:
வாரம் ஒரு ஊசி, வயிற்றில்.
மாத்திரை உப்பையும் நீரையும் இறக்கி
இதயத்தின் சுமையைக் குறைக்கும்.
ஊசி பசியை அடக்கி
ரத்தக் குழாய்க்குக் காவல் இருக்கும்.
"வழி வேற வேற.
சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்லதுன்னு
நம்புறோம்."
நம்புறோம் என்ற இடத்தில்
கொஞ்சம் நிறுத்தினார்.
அந்த நிறுத்தத்துக்காகவே
அவரை எனக்குப் பிடித்துப்போனது.
நான் அடகுக் கடையில் சீட்டு எழுதுகிறவள்.
சுத்தத் தங்கம் என்று யாராவது
சத்தியம் செய்தால்தான்
உரைகல்லைத் தேடுவேன்.

கல்யாணப் பந்தியில்
இரண்டாவது வெள்ளைப் பணியாரத்துக்கே
இலைமேல் கை மறிக்கிறார்.
கோபமா என்று கேட்கிறார்கள்.
பசி என்பது
ஒரு மனுஷனின் முக்கால்வாசிப் பேச்சு.
அது போன பிறகு
ராத்திரியில் சில்லறையை அடுக்குகிறார்,
கலைக்கிறார், மறுபடி அடுக்குகிறார்.

ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு
நான் மருந்துக்கடைப் பையன் முகத்தைப் பார்க்க
அவன் கால்குலேட்டரைப் பார்த்தான்.

அன்று கடை சாத்துமுன்
என் வளையல் இரண்டையும்
நானே நிறுத்தேன், நானே உரசினேன்.
அழுக்குக் கழித்துப் பதினைந்தே முக்கால் கிராம்.
அடகு வைத்தவர்: வள்ளிக்கண்ணு.
கணவர் பெயர்: அடைக்கலம்.
எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
முதலாளி கையெழுத்துப் போட்டார்.
வட்டியில் கால் பைசா குறைத்திருந்தார்,
ஏனென்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

செவ்வாய் இரவு.
முட்டைக்குப் பக்கத்தில் குளிர்ந்திருக்கும்
ஊசிப் பேனாவை எடுத்து
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளிக் குத்துகிறேன்.
பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாதாம்.
எட்டு, ஒன்பது என்று நான் எண்ண,
கூரையைப் பார்த்தபடி அவர்,
பழக்கதோஷத்தில்,
"ரைட்" என்கிறார்.